யாருடைய பணம், எதற்காக? தொண்டு நிறுவனக் கணக்கும் மென்பொருளும்: வாசகர் கேள்வி–பதில்

வளர்ந்துவரும் தொண்டு நிறுவனங்களின் பொருளாளர்களும் கணக்காளர்களும் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டோம். உதாரணத் தொகைகள் கணக்கை விளக்குவதற்காக நாங்கள் வைத்தவை.

எங்கள் அமைப்பின் கணக்கு முழுக்க எக்செல்லில் இருக்கிறது. மாதம் எழுபது, எண்பது பதிவுகள்தான். மென்பொருளுக்கு மாறும் அளவுக்கு நாங்கள் வளர்ந்துவிட்டோமா?

பதிவுகளின் எண்ணிக்கையை வைத்து இதை முடிவுசெய்யாதீர்கள். மாதம் முன்னூறு பதிவு இருந்தும் ஒரே கொடையாளர், ஒரே வேலை என்றால் எக்செல் தாங்கும். எண்பது பதிவுகள்தான், ஆனால் நான்கு பேர் நான்கு வேறு காரியங்களுக்குப் பணம் தந்திருக்கிறார்கள் என்றால் தாங்காது.

எக்செல்லில் நீங்கள் வைத்திருப்பது பெரும்பாலும் ரொக்கப் புத்தகம். பணம் வந்தது, போனது என்ற ஒரு பக்கம்தான் அதில் இருக்கும். பணியாளர் கையில் இருக்கும் முன்பணம், அச்சகத்துக்குத் தரவேண்டிய பாக்கி, கொடையாளர் திருப்பிக் கேட்கக்கூடிய மீதம் ஆகிய மூன்றும் அந்தத் தாளில் எங்கும் தெரியாது. இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு நடவடிக்கைக்கும் பற்று (டெபிட்) ஒன்று, வரவு (கிரெடிட்) ஒன்று விழுவதால் இவை தாமாகவே பேரேட்டில் வந்து நிற்கும்.

மாற வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று இப்படிப் பாருங்கள். நிபந்தனையோடு பணம் தந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கிறார்களா? ஒரே கோப்பில் இருவர் எழுதுகிறீர்களா? ஒரு கொடையாளருக்குச் செலவறிக்கை தயாரிக்க இரண்டு நாளுக்கு மேல் ஆகிறதா? சென்ற ஆண்டுக் கோப்பில் யாராவது ஓர் எண்ணை மாற்றினால் அது உங்களுக்குத் தெரியவருமா? கடைசிக் கேள்விக்கு மட்டும் 'தெரியாது' என்று பதில் வந்தாலும் மாறிவிடுங்கள்.

எங்கள் மென்பொருளில் 240 கணக்குத் தலைப்புகள் சேர்ந்துவிட்டன. 'பயணம் – கல்வி – கொடையாளர் 1', 'பயணம் – கல்வி – கொடையாளர் 2' என்று போய்க்கொண்டே இருக்கிறது. எதில் எழுதுவது என்று தேடுவதிலேயே நேரம் போகிறது. எங்கே தவறினோம்?

தொண்டு நிறுவனக் கணக்கின் அடித்தளமே இந்தக் கேள்வியில் இருக்கிறது. இங்கே தவறினால் எந்த விலையுயர்ந்த மென்பொருளாலும் அதை ஈடுகட்ட முடியாது.

ஒவ்வொரு செலவுப் பதிவும் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். என்ன செலவு? எந்தத் திட்டத்துக்கு? யாருடைய பணம்? நீங்கள் மூன்று பதிலையும் ஒரே பெயருக்குள் திணித்துவிட்டீர்கள். 20 வகைச் செலவு, 3 திட்டங்கள், 4 கொடையாளர்கள் என்றால் 20 × 3 × 4 = 240. ஐந்தாவது கொடையாளர் வந்தால் 300 ஆகும். மூன்றையும் தனித்தனியாக வைத்தால் 20 + 3 + 4 = 27. ஐந்தாமவர் வரும்போது கூடுவது ஒன்றே ஒன்று.

ஆகவே கணக்குத் தலைப்புப் பட்டியலில் 'என்ன செலவு' மட்டும் இருக்கட்டும்: சம்பளம், பயணம், அச்சு, வாடகை, பயிற்சிப் பொருட்கள். திட்டமும் கொடையாளரும் ஒவ்வொரு பதிவின் மீதும் ஒட்டும் அடையாளங்களாக வரட்டும்.

இந்த வசதிக்கு மென்பொருளுக்கு மென்பொருள் பெயர் மாறும். டேலியில் காஸ்ட் கேட்டகரி, காஸ்ட் சென்டர். 'திட்டம்' ஒரு கேட்டகரி, 'கொடையாளர்' இன்னொரு கேட்டகரி என்று வைத்தால் ஒரே தொகையை இரண்டின் கீழும் முழுமையாகக் காட்டலாம். குவிக்புக்ஸ் ஆன்லைனில் கிளாஸ், லொகேஷன் என்ற இரண்டு. இவை கீழ்நிலைச் சந்தாக்களில் கிடையாது. பிளஸ் சந்தாவில் இரண்டும் சேர்த்து 40 வரைதான் என்பதால், கொடையாளர்கள் வேகமாகக் கூடும் அமைப்புகள் முன்கூட்டியே எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீரோ (Xero) மென்பொருளில் டிராக்கிங் கேட்டகரி. ஒரே சமயத்தில் இரண்டு மட்டுமே செயலில் இருக்கும். திட்டம் ஒன்று, கொடையாளர் ஒன்று என்று வைத்துவிட்டால் கிளை அலுவலகத்தைப் பிரித்துக்காட்ட இடமிருக்காது. க்னூகேஷ் இலவசம், இரட்டைப் பதிவும் ஒழுங்காகச் செய்யும். ஆனால் இத்தகைய அடையாளத்துக்குத் தனி ஏற்பாடு இல்லாததால் உட்தலைப்புகளை வைத்தே சமாளிக்க வேண்டும். ஒன்றிரண்டு நிதிகள் உள்ள சிறு அமைப்புக்கு அது போதும்.

அமைத்துவிட்டால் மட்டும் முடிந்துவிடாது. அடையாளம் ஒட்டாமல் பதிவைச் சேமிக்க மென்பொருள் அனுமதிக்கும் வரை, யாராவது ஒட்டாமல் விடுவார்கள். ஒட்டாவிட்டால் எச்சரிக்கும் அமைப்பு இருந்தால் முதல் நாளே இயக்குங்கள். டேலியில் ஒவ்வொரு லெட்ஜரிலும், அதாவது கணக்குத் தலைப்பிலும், காஸ்ட் சென்டர் பொருந்தும் என்று குறித்திருக்கிறதா பாருங்கள். மாதக் கடைசியில் 'அடையாளம் இல்லாதவை' என்று ஓர் அறிக்கை எடுங்கள். அது பூஜ்யம் ஆகாமல் மாதத்தை மூடாதீர்கள். ஏப்ரலில் விட்டுப்போன பயணச்சீட்டு யாருக்கானது என்று மே மாதம் கேட்டால் பதில் கிடைக்கும். அடுத்த ஜனவரியில் கேட்டால் ஊகம்தான் கிடைக்கும்.

பழைய 240 தலைப்புகளை அழிக்க முயலாதீர்கள். நடவடிக்கை உள்ள தலைப்பைப் பெரும்பாலான மென்பொருள்கள் அழிக்கவிடா. புதிய நிதியாண்டின் முதல் நாளிலிருந்து மூன்றையும் தனித்தனியாக வைக்கும் முறைக்கு மாறி, பழையவற்றைச் செயலற்றவையாக்கிவிடுங்கள்.

வங்கியில் 8,90,000 இருக்கிறது. வருடத்தில் 5,30,000 உபரி என்று மென்பொருளும் காட்டுகிறது. ஆனால் அலுவலகச் சம்பளத்துக்குப் பணமில்லை என்கிறார் ஆடிட்டர். நிர்வாகக் குழு குழம்பியிருக்கிறது.

ஆடிட்டர் சொல்வதுதான் சரி. நிதி வாரியாகப் பிரித்தால் எண்கள் இப்படி வருவதாக வைத்துக்கொள்வோம்.

நூலகத் திட்ட நிதி: தொடக்க இருப்பு இல்லை, வரவு 12,00,000, செலவு 3,40,000, இருப்பு 8,60,000.
மருத்துவ முகாம் நிதி: தொடக்க இருப்பு 1,50,000, வரவு 4,00,000, செலவு 4,70,000, இருப்பு 80,000.
பொது நிதி: தொடக்க இருப்பு 2,10,000, வரவு 3,00,000, செலவு 5,60,000, இருப்பு கழித்தல் 50,000.

மூன்றையும் கூட்டினால் 8,90,000. வங்கி இருப்போடு சரியாகப் பொருந்துகிறது. ஆனால் நூலகத்துக்கும் முகாமுக்கும் என்று ஒதுக்கப்பட்டது மட்டும் 9,40,000. அதாவது அந்தக் கொடையாளர்களின் பணத்தில் 50,000-ஐ அலுவலகம் ஏற்கெனவே எடுத்துச் செலவழித்துவிட்டது. நீங்கள் பார்க்கும் உபரி முழுவதும் இரண்டாம் ஆண்டு நூலக வேலைக்காக முன்கூட்டியே வந்த பணம்.

யாரும் தவறான நோக்கத்தோடு இதைச் செய்வதில்லை. எல்லாப் பணமும் ஒரே வங்கிக் கணக்கில் கிடக்கும்போது கண்ணுக்குத் தெரிவது மொத்த இருப்பு மட்டும்தான். நிதி வாரி இருப்புப் பட்டியலை மாதந்தோறும் எடுத்திருந்தால் பொது நிதி பூஜ்யத்தைத் தொடும் மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

மென்பொருள் பக்கம் செய்ய வேண்டியவை இவை. ஐந்தொகையில் (சொத்தையும் பொறுப்பையும் காட்டும் அறிக்கை) மூலதனப் பகுதியின் கீழ் 'பொது நிதி', 'நிபந்தனை நிதி – நூலகம்', 'நிபந்தனை நிதி – முகாம்' என்று தனித் தலைப்புகள் திறங்கள். பல மென்பொருள்கள் ஆண்டு முடிவில் உபரியை மொத்தமாக ஒரே தலைப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அடையாளங்களோ பெரும்பாலும் வரவு செலவுக்குத்தான் ஒட்டும், அவற்றின் உபரி ஐந்தொகைக்குத் தானாக நகராது. எனவே ஆண்டு முடிவில் ஒவ்வொரு அடையாளத்தின் உபரியையும் உரிய நிதித் தலைப்புக்கு ஜர்னல் பதிவு (பணம் கைமாறாமல் தலைப்புக்குத் தலைப்பு மாற்றும் பதிவு) மூலம் நீங்கள்தான் மாற்ற வேண்டும். இந்த ஒரு பதிவு விடுபட்டால், அடுத்த ஏப்ரலோ ஜனவரியோ, உங்கள் ஆண்டு எப்போது தொடங்கினாலும், நூலக நிதியின் தொடக்க இருப்பு பூஜ்யம் என்று காட்டும். நிதி வாரி இருப்புகளின் கூட்டுத்தொகை ஐந்தொகையின் நிகரச் சொத்தோடு ஒரு பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் எங்கோ ஒரு பதிவுக்கு அடையாளம் இல்லை.

அந்த 12,00,000-ஐ வந்த ஆண்டிலேயே வருமானமாகக் காட்டுவதா, செலவழிக்கச் செலவழிக்கக் காட்டுவதா என்பது உங்கள் நாட்டின் கணக்கியல் தரத்தையும் ஒப்பந்தத்தின் வாசகத்தையும் பொறுத்தது. குறிப்பிட்ட வேலையை முடிக்காவிட்டால் கொடையாளர் திருப்பிக் கேட்க உரிமை உண்டு என்று ஒப்பந்தம் சொன்னால், பணம் வரும்போது அதைப் பொறுப்பாக எழுதி, செலவான அளவுக்கு மட்டும் மாதந்தோறும் 'செலவாகாத மானியம்' பற்று, 'மானிய வருமானம்' வரவு என்று மாற்றுவது பல இடங்களில் வழக்கம். எந்த முறை என்பதை ஆடிட்டரோடு பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கொடையாளருக்கு ஒரு முறை, இன்னொருவருக்கு வேறு முறை என்று காரணமில்லாமல் மாற்றினால் எந்த இரண்டு ஆண்டுகளையும் ஒப்பிட முடியாது.

இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிப் பட்டியல்களில் நிதியை மூன்று வகையாகப் பிரித்திருப்பார்கள்: நிபந்தனையற்றது, தற்காலிக நிபந்தனை, நிரந்தர நிபந்தனை. அது அமெரிக்கக் கணக்கியல் தர வாரியத்தின் பழைய வகைப்பாடு. 2016-ல் அந்த வாரியமே அதைக் கொடையாளர் நிபந்தனை உள்ளது, இல்லாதது என்று இரண்டாக்கிவிட்டது. பழைய மாதிரியை அப்படியே இறக்கிவிடாதீர்கள்.

வாடகை, கணக்காளர் சம்பளம், இணையக் கட்டணம் போன்ற பொதுச் செலவுகளை எப்படிப் பிரிப்பது? எந்தத் திட்டத்தில் பணம் மீதமிருக்கிறதோ அதில் எழுதி வருகிறோம்.

உடனே நிறுத்துங்கள். தணிக்கையில் முதலில் விழும் கேள்வி இதுதான். மீதத்தைப் பார்த்து எழுதியது என்று தெரிந்துவிட்டால், நியாயமான செலவுகளையும் சேர்த்துக் கொடையாளர் மறுக்கக்கூடும்.

பிரிப்பதற்கு அளக்கக்கூடிய ஓர் அடிப்படை வேண்டும். வாடகைக்கு இடப் பரப்பு அல்லது இருக்கைகள்; சம்பளத்துக்கு நேரப் பதிவேடு; இணையத்துக்கு ஆள் எண்ணிக்கை. மாத வாடகை 30,000, அலுவலகத்தில் 10 இருக்கைகள், அவற்றில் கல்வித் திட்டத்துக்கு 5, மருத்துவத்துக்கு 3, நிர்வாகத்துக்கு 2 என்றால் 15,000, 9,000, 6,000. அடிப்படையை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்கத் தாளில் எழுதி நிர்வாகக் குழுவிடம் ஒப்புதல் வாங்குங்கள். ஆள் கூடினால், குறைந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் குறியுங்கள்.

மென்பொருளில், வாடகைச் சீட்டு வந்ததும் முழுத் தொகையையும் 'பகிர வேண்டியவை' என்ற அடையாளத்தில் எழுதுங்கள். மாதக் கடைசியில் ஒரே ஜர்னல் பதிவில் பிரித்துவிடுங்கள். அதன் பிறகு அந்த அடையாளத்தில் இருப்பு பூஜ்யமாக வேண்டும். ஒவ்வொரு சீட்டையும் அது வரும்போதே மூன்றாக உடைத்து எழுதினால் வட்டமாக்கலில் ஒன்றிரண்டு காசு தப்பும். விகிதம் மாறும்போது பழையதைத் தேடித் திருத்த வேண்டியும் வரும்.

இதில் வரும் பெரிய ஆபத்து இரட்டைக் கோரல். வாடகையில் 60 சதவீதத்தை ஒரு கொடையாளர் பட்ஜெட்டிலும் 60 சதவீதத்தை இன்னொருவர் பட்ஜெட்டிலும் போட்டிருப்பார்கள். இரண்டு ஒப்பந்தங்களும் வெவ்வேறு மாதங்களில் எழுதப்பட்டதால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். கூட்டினால் 120. பட்ஜெட் அனுப்பும் முன் பொதுச் செலவுகளை மட்டும் ஒரே தாளில் கொடையாளர் வாரியாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். எந்த வரியும் 100-ஐத் தாண்டக் கூடாது.

இணையவழி நன்கொடையில் கொடையாளர் 1,000 தருகிறார். வங்கியில் 980 வருகிறது. 980-ஐத்தான் வருமானமாக எழுதுகிறோம். சரிதானே?

சரியில்லை. அவர் தந்தது 1,000, ரசீதும் 1,000-க்கு. 20 என்பது நன்கொடையை இணையத்தில் வசூலித்துத் தரும் நிறுவனத்துக்கு நீங்கள் தந்த கட்டணம். 980 என்று எழுதினால் ரசீதுகளின் மொத்தமும் வருமானக் கணக்கும் ஒருநாளும் ஒத்துப்போகாது.

பணப்பரிமாற்ற நிறுவனத்தின் பெயரில் ஓர் இடைக் கணக்கை, வங்கிக் கணக்கு போலவே, திறங்கள். நன்கொடைகள் முழுத் தொகையில் அதில் விழட்டும். ஒரு தொகுப்பில் 37 நன்கொடைகள், மொத்தம் 52,400, கட்டணம் 2 சதவீதம் என்றால் 1,048. வங்கிக்கு வருவது 51,352. வந்ததும் வங்கி 51,352 பற்று, கட்டணச் செலவு 1,048 பற்று, இடைக் கணக்கு 52,400 வரவு. மாதக் கடைசியில் இடைக் கணக்கில் நிற்பது, வழியில் இருக்கும் பணம் மட்டும்தான். அந்த நிறுவனத்தின் அறிக்கையில் 'இன்னும் செலுத்தாதது' என்று இருப்பதோடு அது ஒத்துப்போக வேண்டும்.

பொதுவாக மூன்று இடங்களில் பிசகும். கட்டணத்துக்கு மேல் வரியும் பிடித்திருப்பார்கள். அதைத் தனியே பார்க்க வேண்டும். பணம் திரும்பப் பெற்றவர்களின் தொகை அடுத்த தொகுப்பில் கழிந்து வரும். அவர்கள் ரசீதை ரத்து செய்யாமல் விட்டிருப்பீர்கள். ஆண்டின் கடைசி மூன்று நாள் நன்கொடைகள் அடுத்த ஆண்டில்தான் வங்கிக்கு வரும். வங்கித் தேதியை வைத்து எழுதினால் அவை தவறான ஆண்டில் போய் விழும்.

வங்கிப் பதிவுகள் தாமாகவே மென்பொருளில் இறங்குகின்றன. எல்லாம் பொருந்தியது என்று காட்டினாலும் ஆடிட்டரின் இருப்பாய்வில் (எல்லாத் தலைப்புகளின் இருப்புப் பட்டியலில்) வித்தியாசம் வருகிறது.

பச்சைக் குறி வந்தால் அந்த வரிக்கு ஒரு பதிவு ஜோடி சேர்ந்தது என்று மட்டும் பொருள். அது சரியான ஜோடியா, தேவையான ஜோடியா என்பது வேறு கேள்வி.

அதிகம் நடப்பது இது: கணக்காளர் வவுச்சரை ஏற்கெனவே எழுதியிருப்பார். வங்கி வரி இறங்கும்போது அதோடு பொருத்தாமல் 'புதிதாகச் சேர்' என்பதை அழுத்திவிடுவார். செலவு இரண்டு முறை விழும். வங்கிப் பக்கம் ஒன்று பொருந்தியிருக்கும். மற்றொன்று பொருந்தாமல் கிடக்கும். பொருந்தாமல் கிடக்கும் பதிவுகளின் பட்டியலைத் தேதி வாரியாக எடுத்து, 60 நாளுக்கு மேற்பட்டவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு முறை எழுதிய பதிவுகளும் மாற்றப்படாத பழைய காசோலைகளும் அங்கேதான் இருக்கும்.

தானியங்கி விதிகளிலும் கவனம் வேண்டும். 'இந்த எரிபொருள் நிலையம் என்றால் பயணம், கல்வித் திட்டம்' என்று விதி வைத்திருப்பீர்கள். அதே நிலையத்தில் மருத்துவ வண்டிக்கு நிரப்பியதும் கல்விக் கொடையாளரின் கணக்கில் போய் விழும். விதி செலவு வகையைத் தீர்மானிக்கட்டும். யாருடைய பணம் என்பதை மனிதர் தீர்மானிக்கட்டும்.

வித்தியாசத் தொகையும் துப்பு தரும். 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்: 5,400-க்குப் பதில் 4,500 எழுதினால் வித்தியாசம் 900. அப்படி இல்லையென்றால் வித்தியாசத்தை இரண்டால் வகுத்து, வரும் எண்ணைத் தேடுங்கள். பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதினால் வித்தியாசம் இரட்டிப்பாகும். ஒவ்வொரு மாதமும் வித்தியாசம் மாறாமல் ஒரே தொகையாக இருந்தால் இந்த ஆண்டுப் பதிவுகளில் தேடாதீர்கள். தவறு தொடக்க இருப்பில் இருக்கிறது, அல்லது முன்பு மூடிய மாதத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

புரியாத தொகையை அனாமத்துக் கணக்கில் போடலாம், தவறில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரும் தீர்க்க வேண்டிய தேதியும் இருக்கட்டும்.

களப்பணியாளருக்கு 20,000 முன்பணம் தருகிறோம். தந்த அன்றே 'முகாம் செலவு' என்று எழுதிவிடுகிறோம்.

பணம் கைமாறியிருக்கிறது, செலவு இன்னும் ஆகவில்லை. பணியாளர் பெயரில் முன்பணமாக எழுதுங்கள், அது சொத்து. ரசீதுகள் வந்ததும், ரசீதின் தேதியில், செலவுக்கு மாற்றுங்கள். 17,300-க்கு ரசீது வந்தால் 2,700 திரும்ப வர வேண்டும். அது வரும்வரை அடுத்த முன்பணம் இல்லை என்ற விதியைத் தளர்த்தாதீர்கள்.

மானியக் காலம் முடியும் தறுவாயில்தான் இது பெரிதும் அடிக்கும். காலம் 31-ஆம் தேதி முடிகிறது. 28-ஆம் தேதி முன்பணம் தந்து செலவென்று காட்டிவிட்டீர்கள். ரசீதுகளிலோ அடுத்த மாதத் தேதி. கொடையாளர் மொத்தத்தையும் மறுக்க முடியும்.

மானியத்தில் மடிக்கணினி வாங்கினோம். கொடையாளர் அறிக்கையில் முழு விலையும் செலவு. ஆடிட்டர் கணக்கில் தேய்மானம் மட்டும். எது உண்மை?

இரண்டும். கொடையாளர் தன் பணம் எங்கே போனது என்று கேட்கிறார். ஐந்தொகை உங்களிடம் என்ன சொத்து இருக்கிறது என்று சொல்கிறது. சொத்துத் தலைப்பிலேயே வாங்கி எழுதி, கொடையாளர் அடையாளத்தையும் ஒட்டுங்கள். பல மென்பொருள்களில் சொத்துத் தலைப்புக்கு அடையாளம் ஒட்டுவதைத் தனியே இயக்க வேண்டியிருக்கும். இரண்டு அறிக்கைகளுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கும் ஒரு தாளை ஆண்டுதோறும் வைத்துக்கொள்ளுங்கள்: வாங்கிய சொத்து கூட்டுக, தேய்மானம் கழிக்க. தணிக்கையில் அரை நாள் மிச்சமாகும்.

எங்களிடம் கணக்காளர் ஒருவர்தான். அவரே வவுச்சர் எழுதி, பணமும் செலுத்தி, வங்கியோடும் ஒப்பிடுகிறார். நம்பிக்கையானவர்.

நம்பிக்கையானவர் என்பதாலேயே அவரைக் காப்பாற்றுங்கள். எல்லாம் ஒரே கையில் இருந்தால், தவறு எங்கே நடந்தாலும் சந்தேகம் அவர் மேல்தான் விழும்.

ஆள் சேர்க்காமலே பிரிக்கலாம். வங்கியில் பணம் செலுத்தும் ஒப்புதல் பொருளாளரிடமும் செயலாளரிடமும் இருக்கட்டும். கணக்காளர் பட்டியலிட மட்டும் செய்யட்டும். வங்கி அறிக்கை நேராகப் பொருளாளருக்கு வரட்டும். மென்பொருளில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயர் வேண்டும். ஒரே கடவுச்சொல்லை மூவர் பகிர்ந்தால், யார் மாற்றினார் என்று காட்டும் திருத்தப் பதிவேட்டால் பயனே இல்லை. மாதம் மூடியதும், அதற்கு முந்தைய பதிவுகளை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டுத் தேதி போடுங்கள். திறக்கும் உரிமை கணக்காளரிடம் வேண்டாம். அழிக்கப்பட்ட, திருத்தப்பட்ட பதிவுகளின் பட்டியலைப் பொருளாளர் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் பார்த்தால் போதும்.

ஆண்டின் நடுவில் இருக்கிறோம். புதிய மென்பொருளுக்கு இப்போதே மாறலாமா?

முடிந்தால் புதிய நிதியாண்டின் முதல் நாளில் மாறுங்கள். அதுவரை கிடைக்கும் மாதங்களில் தலைப்புகளையும் அடையாளங்களையும் வடிவமைத்து, கொடையாளர், விற்பனையாளர் பெயர்ப் பட்டியல்களைச் சுத்தம் செய்யுங்கள். ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார்.

மாறும் நாளில் பழைய இருப்பாய்வை எடுத்து ஒவ்வொரு தலைப்பின் இருப்பையும் ஏற்றுங்கள். பற்றும் வரவும் சமமா என்று பார்த்தால் மட்டும் போதாது. முன்பணம் ஆள் வாரியாக, பாக்கி சீட்டு வாரியாக, மாற்றப்படாத காசோலை எண் வாரியாக, நிதி இருப்பு கொடையாளர் வாரியாக ஏற வேண்டும். கடைசியில் சொன்னதுதான் அதிகம் விடுபடுகிறது. 'மூலதனம் 8,90,000' என்று ஒரே வரியாக ஏற்றிவிடுவார்கள். அந்த நிமிடமே யாருடைய பணம் என்ற வரலாறு அறுந்துவிடும்.

இரண்டு மாதம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டு மாதக் கடைசியிலும் இருப்பாய்வும் நிதிப் பட்டியலும் இரண்டிலும் ஒன்றாக வந்தால் பழையதை மூடலாம். அதன் தரவை மென்பொருள் இல்லாமலும் திறக்கக்கூடிய வடிவில், எக்செல்லாகவும் பிடிஎஃப்பாகவும், இறக்கி இரண்டு இடங்களில் வையுங்கள். சந்தா நின்ற பிறகு உள்ளே நுழைய முடியாமல், பழைய ஆண்டுத் தணிக்கைக் கேள்விக்குப் பதில் தர வழியில்லாமல் நிற்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

நிர்வாகக் குழுவுக்கு மாதந்தோறும் 14 பக்கம் அனுப்புகிறோம். யாரும் படிப்பதில்லை.

இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் நிதி வாரி இருப்புப் பட்டியல், மேலே நாங்கள் போட்ட மூன்று வரிகளைப் போல. அதன் கீழே ஓர் எண்: பொது நிதியின் இருப்பை மாதப் பொதுச் செலவால் வகுத்து, எத்தனை மாதம் தாங்கும் என்று. வங்கி இருப்பை வகுக்காதீர்கள். பொது நிதியை மட்டும் வகுங்கள். இரண்டாம் பக்கத்தில் ஒவ்வொரு மானியத்துக்கும் பட்ஜெட், இதுவரை செலவு, மீதம், மீதமுள்ள மாதங்கள். காலத்தில் 75 சதவீதம் கடந்தும் 40 சதவீதம்தான் செலவாகியிருந்தால் அந்த வரியைத் தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்திலேயே திட்ட மேலாளரின் ஒரு வரி விளக்கத்தையும் வையுங்கள். கால நீட்டிப்புக் கேட்பதென்றால் மானியம் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அந்தத் தேதியையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.